‘பொருள் வைக்கும் மேடை’ என்று எழுதிக் கொடுத்தோம்

செல்வராஜ் அண்ணை இறந்த செய்தி அலுவலக வட்ஸ்அப் குழுவில்தான் எனக்கு வந்தது. புளியங்குளத்தில் ஒரு கடையில் பிக்கப்பின் முன் ரயருக்குக் காற்று அடிப்பித்துக்கொண்டிருந்தேன். “எமது களப்பணியாளர் திரு. செல்வராஜ் இன்று காலை காலமானார்” என்று முகாமையாளர் போட்டிருந்தார். அதற்குக் கீழே கூப்பிய கைகள் வரிசையாக வந்தன. அவற்றுக்குக் கீழே, திங்கட்கிழமைக் கூட்டம் ஒரு மணித்தியாலம் முன்னதாகத் தொடங்கும் என்று இன்னொரு அறிவித்தல்.

காற்றடித்துக்கொண்டிருந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குழாயை நிறுத்தினார்.

“என்ன தங்கச்சி, வீட்டிலை ஏதும் பிரச்சினையோ?”

“என்னோடை வேலை செய்தவர் செத்திட்டார்.”

“என்ன வருத்தம்?”

“புண்.”

“புண்ணிலையும் சாவினமே?”

சாவார்கள். இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு அது தெரியும். முழங்காவிலில் இருந்து தண்ணீரூற்றுவரை எத்தனையோ வீடுகளில் படுத்திருக்கும் உங்களுடைய முதுகையும் இடுப்பையும் குதிக்காலையும் அந்த மனிதர் கழுவிக் கட்டியிருக்கிறார். எங்கள் அலுவலகத்தில் வைத்த பதாகையில் அவர் ‘இறைவனடி சேர்ந்தார்’ என்று இருந்தது. அவர் எப்படிச் செத்தார் என்பது அதில் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் அவர் வேலை செய்த தொண்டு அமைப்பின் சாரதி. நான்கு வருடம் நான் ஓட்ட, அவர் பக்கத்து இருக்கையில் இருந்தார்.

அவருக்கு இருபத்துமூன்று வயதில், கடைசிச் சண்டைக் காலத்தில், தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்தபோது எறிகணைச் சிதறல் ஒன்று முதுகில் ஏறியது. இடுப்புக்குக் கீழே உணர்வு போனது. அதற்குப் பிறகு அவரைப் பார்த்தவர்கள் எல்லோரும் குரலைத் தாழ்த்தி ஒரே கேள்வியைக் கேட்டார்கள். “இயக்கமோ?” அதற்கு அவர் ஒரு பதில் வைத்திருந்தார். “விழுந்த செல் என்னட்டை அடையாள அட்டை கேக்கேல்லை. நீங்கள் ஏன் கேக்கிறியள்?”

உணர்வில்லாத உடம்பு ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்தால் அந்த இடத்துத் தோல் சாகும். நமக்கென்றால் நோகும், அசைந்துவிடுவோம். அவர்களுக்கு நோகாது. வெளியே நாணயக் குற்றி அளவில் ஒரு சிவப்புத் தெரியும்போது உள்ளே குழி விழத் தொடங்கியிருக்கும். செல்வராஜ் அண்ணை சக்கர நாற்காலியில் இருந்தபடியே இந்தப் புண்களைக் கட்டப் பழகியவர். எந்தத் தாதியும் போகாத ஒழுங்கைகளுக்குப் போனார். ஆனால் அந்தப் பயணம் முழுவதும் அவரும் இருந்தபடியேதான் போகவேண்டும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அரை மணித்தியாலமாவது குப்புறப் படுக்கவேண்டும் என்று வைத்தியர் அவருக்குச் சொல்லியிருந்தார்.

“இருக்கிறதுதான் எங்களைக் கொல்லும், பிள்ளை. படுத்தால் தப்புவம். ஆனால் படுத்திருக்கிறவனுக்கு ஆர் வேலை குடுக்கிறது?”

முதல் வருடம் தெருவோர மரங்களுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தார். ஒருநாள் ஒட்டுசுட்டான் தாண்டி அப்படிப் படுத்திருந்தபோது நான் வாகனத்துக்குள் நித்திரையாகிவிட்டேன். எழும்பி வந்து பார்த்தால் அவருடைய இரண்டு காலிலும் எறும்பு. முழங்காலுக்குக் கீழே தோல் தடித்துப் பொங்கியிருந்தது. அவர் தலையை அந்தப்பக்கம் திருப்பி, போனில் பழைய பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். “என்ன பாக்கிறாய்? உதுகளாவது என்ரை காலாலை பிரயோசனம் எடுக்கட்டும்” என்றார். நான் சிரிக்கவில்லை.

அதே காலத்தில் எங்களுக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. புண் கட்டும் துணி, சேலைன் போத்தல், சிறுநீர்ப் பை எல்லாம் காட்போட் பெட்டிகளில் பிக்கப்பின் திறந்த பின்பெட்டியில்தான் வரும். தூசி, மழை. மாங்குளத்தில் பெய்த ஒரு மழையில் ஒரு மாதத்துக்கு வைத்திருந்த துணி முழுக்க நனைந்து பழுதானது. அன்று திரும்பி வரும்போது அவர் கழுத்தைத் திருப்பி, முன் இருக்கைகளுக்குப் பின்னால் இருந்த நீள இருக்கையைப் பார்த்துக்கொண்டே வந்தார். அதில் யாரும் இருப்பதில்லை.

“உந்தச் சீற்றைக் கழட்டினால் என்ன?”

அவர் சொன்ன திட்டம் இதுதான். பின் இருக்கையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு மேடை. மேடைக்குக் கீழே இழுத்துத் திறக்கும் இரண்டு லாச்சி, பொருட்களுக்கு. மேடைக்கு மேலே ஒன்றும் இல்லை. முன்பக்கம் அவர் இருக்கும் இருக்கையின் சாய்மானத்தைப் பின்னுக்கு முழுவதும் சாய்த்தால் அது மேடையின் விளிம்பில் போய்ப் பொருந்தும். இரண்டும் சேர்ந்தால் ஓர் ஆள் நீளத்துக்குப் படுக்கை.

விண்ணப்பத்தை நான்தான் எழுதினேன். பொருட்களைப் பாதுகாப்பாக வைக்கவும், களப்பணியாளர் இடையிடையே குப்புறப் படுக்கவும் என்று எழுதி அவரிடம் வாசித்துக் காட்டினேன்.

“ரெண்டாவதை வெட்டு.”

“அதுதானே அண்ணை முக்கியம்.”

“அவை அதை எப்பிடி வாசிப்பினம் தெரியுமோ? இவருக்கு வேலை செய்ய ஏலாது எண்டு வாசிப்பினம். அடுத்த மாதம் ரெண்டு காலும் உள்ள ஒருத்தன் இந்தச் சீற்றிலை இருப்பான். அவனுக்குப் புண் எண்டால் என்னெண்டு தெரியாது.”

“அப்ப பொய் எழுதச் சொல்லுறியளோ?”

“என்ன பொய்? சாமானும் வைக்கிறம்தானே. குடுக்கிறவைக்கு விளங்கிறதைக் கேள், பிள்ளை.”

வெட்டினேன். ‘பொருள் வைக்கும் மேடை’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தோம். ஒரே நாளில் அனுமதி வந்தது.

மேடை கிளிநொச்சியில் ஒரு வெல்டிங் கடையில் உருவானது. வாகனத்தின் உடம்பில் புதிதாக ஒரு துளையும் போடக்கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். இருக்கை பூட்டியிருந்த அதே நான்கு போல்ற் துளைகளில் இரும்புச் சட்டத்தின் கால்களைப் பூட்டவேண்டும். நாற்காலியில் இருந்தபடி அளவு நாடாவை எனக்கு எறிவார். நான் உள்ளே குனிந்து அளந்து சொல்லுவேன். “ரெண்டாம் தரம் அள. நீ முதல் தரம் அளக்கிறது உன்ரை ஆசையை” என்பார். இரண்டாம் தரம் அளந்தால் அரை அங்குலம் வித்தியாசம் இருக்கும். முன் இருக்கை எவ்வளவு சாய்த்தாலும் மட்டமாகாது. இடுப்பு வரும் இடத்தில் நாலு விரல் மேடு நின்றது. அதைச் சமன்செய்ய அவர் பாண் வெட்டும் கத்தியால் ஸ்பொஞ்சை ஆப்பு வடிவில் சீவினார்.

கடைக்காரர் பார்த்துக்கொண்டு நின்றார். “சாமான் வைக்கிறதுக்கு ஏன் அண்ணை ஸ்பொஞ்ச்?”

“சாமானுக்கு நோகக்கூடாது.”

“நோவுக்குப் போடுற பனடோலுக்கும் நோகுமே?”

“நொந்தால் அது ஆரிட்டைப் போறது?”

மேடைக்கு மேலே ஒட்டுப்பலகை, மெல்லிய ஸ்பொஞ்ச், கறுப்பு றெக்சின். எல்லாம் பூட்டி முடித்த பிறகுதான், ரயர் மாற்றும் ஜக் இருந்த இடத்துக்கு மேலேயே சட்டத்தைப் பூட்டியிருக்கிறோம் என்பது விளங்கியது. திரும்பக் கழற்றினோம். முழுநாளும் போனது. அவர் அன்று கடைக்காரரையும் என்னையும் தன்னையும் மாறி மாறித் திட்டினார். அவ்வளவு சந்தோசமாக நான் அவரைப் பார்த்ததில்லை.

கைகளால் உன்னி ஏறி முதன்முதல் அதில் குப்புறப் படுத்தார். “எப்பிடி?” என்று கேட்டேன். “சொர்க்கம்” என்றார். மூன்று நாள் கழித்து அவருடைய மனைவி லலிதா அக்கா எனக்குப் போன் எடுத்தார். வீட்டுக்கு வரச்சொன்னார். போனேன். அண்ணையின் முன் இடுப்பெலும்பில் ஒரு சிவப்பு வட்டம் இருந்தது. வட்டத்தின் நடுவில் அச்சுக் குத்தியதுபோல ஒரு கூட்டல் குறி. பலகை சேரும் இடத்தில் ஒரு திருகாணியின் தலை மேலெழும்பி, ஸ்பொஞ்சைத் தாண்டி நின்றிருக்கிறது. மூன்று நாளும் அதன்மேல் படுத்திருக்கிறார்.

“உணர்ச்சி இல்லாத மனிசன் படுத்துப் பாத்துச் சொன்னதை நம்பியிருக்கிறாய்” என்றார் லலிதா அக்கா. “நீயும் ஒரு படிச்ச பிள்ளை.”

அண்ணை சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். “சரி, இனி இவ படுக்கட்டும். இவக்கு நொந்தால் எனக்குக் கூடாது.”

அன்றிலிருந்து திங்கட்கிழமை காலைகளில் என்னுடைய முதல் வேலை அந்த மேடையில் குப்புறக் கிடப்பது. சீற்றின் இடுக்கு, றெக்சின் சுருக்கு, சட்டைப்பையில் இருந்து விழுந்த ஒரு பேனா மூடி என எல்லாவற்றையும் என் விலாவால் தேடிப் பிடித்தேன். இரண்டு வருடமும் சில மாதமும் அவருடைய உடம்பில் ஒரு புண் வரவில்லை. வாகனம் ஓடும்போது படுக்கக்கூடாது என்பது எங்கள் ஒழுங்கு. பாதி நாட்கள் அதை மீறினோம். அதையும் எழுதிவிடுகிறேன்.

இரணைமடுப் பக்கம் ஒரு வீடு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வயல் செய்கிறவர்கள். மகன் உழவு இயந்திரம் புரண்டு முதுகு முறிந்தவன். முதல்நாள் அவனுடைய தாய் அண்ணையிடம் விசாரித்தார்.

“தம்பி எவடம்?”

“கிளிநொச்சிதான் அம்மா.”

“அதுக்கு முதல்?”

“அதுக்கு முதல் அம்மான்ரை வயித்துக்கை.”

“இல்லைத் தம்பி, அம்மா ஆக்கள் எவடம்?”

“பதுளைப் பக்கம். தேயிலைத் தோட்டம்.”

“ஓ” என்றார் அந்த அம்மா. அடுத்தமுறை போனபோது எனக்குக் கண்ணாடிக் கிளாசில் தேநீர் வந்தது. அவருக்கு, குடித்துவிட்டு எறியும் பிளாஸ்ரிக் கப்பில் வந்தது. அதற்கடுத்தமுறையும் அப்படியே. வாகனத்தில் ஏறியதும் நான் வெடித்தேன். இனி அந்த வீட்டில் தண்ணியும் வாயில் வைக்கமாட்டேன் என்றேன்.

“குடி” என்றார். “நீயும் குடிக்காட்டி அந்த அம்மாக்கு விளங்கிவிடும். விளங்கினால் வெக்கம் வரும். வெக்கம் வந்தால் எங்களை வரவேண்டாம் எண்டு சொல்லுவா. எனக்கு அவான்ரை தேத்தண்ணி தேவையில்லை. அந்தப் பெடியன்ரை முதுகு தேவை.”

ஒரு நண்பகல், நாங்கள் போன நேரம் அந்தப் பெடியன் காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்தான். புண் உள்ளே சீழ் வைத்திருந்தது. அம்புலன்ஸ் தூரத்தில் நின்றது, வர நேரமாகும் என்றார்கள். முச்சக்கர வண்டியில் அவனை இருத்த முடியாது. அண்ணை மேடையைக் காட்டினார். தாய் ஓடிப்போய் வீட்டிலிருந்து ஒரு வெள்ளை விரிப்பை எடுத்துவந்து, அண்ணை படுக்கும் றெக்சின் தெரியாதபடி விரித்தார். பிறகுதான் மகனைக் கிடத்த விட்டார். முன் இருக்கை சாய்ந்துவிட்டதால் அண்ணைக்கு உள்ளே இடமில்லை. அவரைச் சக்கர நாற்காலியோடு திறந்த பின்பெட்டியில் ஏற்றிக் கயிற்றால் கட்டினோம். அந்த வெயிலில், அந்தக் கிறவல் தெருவில், கட்டிவைத்த மூட்டைபோல அவர் வைத்தியசாலைவரை வந்தார். பெடியன் பிழைத்தான். தாய் விரிப்பைக் கொண்டுபோய்த் தோய்த்துக் காயப்போட்டார். அடுத்தமுறையும் பிளாஸ்ரிக் கப்தான்.

அந்த அம்மா மனம் மாறினார் என்று எழுத எனக்கும் ஆசைதான். மாறவில்லை.

போன வருடம் கொழும்பிலிருந்து ஒரு குழு திட்டத்தைப் பார்வையிட வந்தது. மரியாதையான மனிதர்கள். ஒருவர் பிக்கப்பின் பின் கதவைத் திறந்து, இருக்கை எங்கே என்று கேட்டார். படம் எடுத்தார். மூன்று கிழமையில் கடிதம் வந்தது. வாகனம் ஐந்து பேர் இருப்பதற்கெனப் பதியப்பட்டது, காப்புறுதிக்கும் அதுவே நிபந்தனை, ஆகவே பின் இருக்கையைத் திரும்பப் பூட்டவேண்டும். பொருட்களுக்கு மூடியுள்ள இரண்டு பிளாஸ்ரிக் பெட்டிகள் தரப்படும். ‘இதன்மூலம் தங்களது தேவை நிறைவு செய்யப்படுகிறது’ என்று கடைசி வரி. நாங்கள் கேட்டதை வைத்துப் பார்த்தால் அந்த வரி சரி.

“இப்பவாவது உண்மையைச் சொல்லுவம்” என்றேன்.

“இப்ப சொன்னால் முதல் ஏமாத்தினதாப் போகும். விடு. நான் வீட்டிலை கூடப் படுக்கிறன்.”

நான் விடவில்லை. அவருக்குத் தெரியாமல் முகாமையாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார். பேனாவை மூடிவைத்தார். “அப்படியென்றால் அவருடைய உடல்நிலை களவேலைக்குப் பொருந்தாது. அலுவலகத்துக்கு எடுத்துவிடலாம். களத்துக்கு ஆள் எடுக்க இப்போது அனுமதி இல்லை. பயணங்களை நிறுத்திவைக்கலாம்” என்றார். விண்ணப்பம் எழுதிய அன்று அண்ணை சொன்ன அதே கதை. இன்னும் மோசம், அவர் சொன்ன இரண்டு காலுள்ள ஆள்கூட வரப்போவதில்லை. பயந்துபோய், அவர் சமாளிப்பார் சேர், நான் கூட்டிச் சொல்லிவிட்டேன் என்று சொல்லிவிட்டு எழும்பி வந்தேன். விசயம் தெரிந்து அண்ணை இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

மேடையைக் கழற்றினோம். நான்கு போல்ற்தான், பத்து நிமிட வேலை. இப்போது அது அலுவலக நடையில் நிற்கிறது. அதன்மேல் தண்ணீர்ப் போத்தலும் பிறிண்டரும் வைத்திருக்கிறார்கள். திடமான மேடை, ஆடுவதில்லை.

திரும்பப் பூட்டிய பின் இருக்கையில் யாரும் இருக்கவில்லை. அது ஒடுக்கம், சரிவு, படுக்கவும் முடியாது. மரத்தடிக்குத் திரும்பினோம். பிறகு மாரி தொடங்கியது, மரத்தடியும் இல்லை. வீட்டில் போதியளவு படுக்கிறேன் என்று என்னிடம் சொன்னார். கண்ணாடி வைத்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை என்று லலிதா அக்காவிடம் சொன்னார். லலிதா அக்கா ஆடைத் தொழிற்சாலையில் வேலை. காலை ஐந்து மணிக்குத் தொழிற்சாலை பஸ் வரும். திரும்பி வரும்போது அவருக்கு நிற்கவே முடியாது. புருசனைப் புரட்டிப் பார்க்க அந்தப் பெண்ணுக்கு எங்கே நேரம் இருந்தது?

வாகனத்துக்குள் ஒரு மணம் வரத் தொடங்கியது. கழற்றிய கட்டுத்துணிகளின் மணம் என்று நினைத்து யன்னலை இறக்கி ஓட்டினேன். ஒரு கிழமை அப்படி ஓட்டினேன்.

தண்ணீரூற்றில் பரமேஸ்வரி அக்கா என்று ஒருவர் இருக்கிறார். அவரும் இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவர். பதினைந்து வருடம் கட்டிலில் இருப்பவர். அண்ணை அவருக்குக் கட்டு மாற்றி முடித்ததும் அக்கா சொன்னார்:

“தம்பி, இந்த மணம் என்னிலை இல்லை. உன்னிலை.”

அண்ணை கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“நான் பதினைஞ்சு வருசமா இந்த மணத்தோடை கிடக்கிறன். எனக்குப் பொய் சொல்லிப் பேய்க்காட்டாதை. புண்ணை அந்தப் பிள்ளைக்குக் காட்டு.”

பரமேஸ்வரி அக்காவின் தங்கையும் நானும் அவரைத் தூக்கி, பக்கத்தில் இருந்த மேசையில் குப்புறக் கிடத்தினோம். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு வெளியே போய் வாகனத்தை வாசல்வரை பின்னுக்கு எடுத்து நிறுத்தினேன். திரும்பி வந்தபோது அவர், போனில் படம் எடு, நான் பார்க்கவேண்டும் என்றார். ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய், அளவு நாடாவைப் புண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தார். எங்கள் வேலையில் புண்ணைப் படம் எடுக்கும்போது அளவு தெரியவேண்டும். எடுத்தேன். போனை வாங்கிப் பெருப்பித்துப் பார்த்தார். இன்னொருவருடையதைப் பார்ப்பதுபோல நிதானமாகப் பார்த்தார்.

“எலும்பு தெரியுது” என்றார். “வேறை ஆக்களின்ரை எண்டால் போன மாதமே ஆசுப்பத்திரிக்கு அனுப்பியிருப்பன்.”

“ஏன் மறைச்சனீங்கள்?”

“மூண்டு மாதம் குப்புறக் கிட எண்டு சொல்லுவினம். மூண்டு மாதம் இவைக்கு ஆர்?”

“செத்தால் மட்டும் ஆர்?” என்று கேட்டார் பரமேஸ்வரி அக்கா.

அவரை நேரே வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். கிருமி இரத்தத்தில் கலந்திருந்தது. அங்கே பத்தொன்பது நாள் இருந்தார். கடைசி நாட்களில், இன்று யாருடைய வீடு என்று என்னிடம் கேட்டார். நான் ஒவ்வொரு நாளும் ஒரு பெயர் சொன்னேன்.

செத்தவீட்டுக்கு வந்தவர்கள் குறைவு. அவர் புண் கட்டிய ஆட்களால் எழும்பி வரமுடியாது. முகாமையாளர் பேசினார். யாருக்கும் பாரமாக இல்லாமல் தன்னம்பிக்கையோடு வாழ்ந்தவர் என்றார். லலிதா அக்கா மூன்றாம் நாள் திரும்ப வேலைக்குப் போனார், அதற்குமேல் லீவு இல்லை. அப்போது கிடைக்காத அனுமதி இப்போது வந்து, போன கிழமை அண்ணையின் இடத்துக்கு ஆள் எடுப்பதற்கான விளம்பரம் ஒட்டினார்கள். மோட்டார்சைக்கிள் ஓட்டும் அனுமதிப்பத்திரம் கட்டாயம் என்று இருக்கிறது. இன்னும் யாரும் விண்ணப்பிக்கவில்லை.

பதாகை அடிக்க அவருடைய நல்ல படம் இருக்கிறதா என்று அலுவலகத்தில் என்னிடம் கேட்டார்கள். இல்லை என்றேன். என்னிடம் இருப்பது அந்த மேசையில் எடுத்த படம் மட்டும்தான். முகம் இல்லை. புண்ணும், நாடாவைப் பிடித்திருக்கும் அவருடைய கையும் இருக்கின்றன. அதை அழிக்கமாட்டேன்.

நேற்றுப் பரமேஸ்வரி அக்கா போன் எடுத்தார். இடுப்பில் தோல் உரிந்திருப்பதாகத் தங்கை சொல்கிறாளாம், ஒருக்கால் வந்து பாக்கிறியோ என்று கேட்டார். எனக்குக் கட்டத் தெரியாது, படம் அனுப்புங்கோ என்றேன். அனுப்பினார்கள். அண்ணையின் படத்தை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அக்காவுடையது இப்போது ஒரு நாணயக் குற்றி அளவு. விளிம்பு கறுக்கத் தொடங்கியிருக்கிறது. யாரும் போய்க் கட்டாவிட்டால் அது அண்ணையுடையதைப்போல ஆக எத்தனை கிழமை எடுக்கும் என்று என்னால் சொல்ல முடிகிறது. நான்கு வருடம் அவரோடு ஓடித் திரிந்ததில் எனக்கென்று மிஞ்சியிருப்பது இந்தக் கணக்கு ஒன்றுதான்.